ஒரு வருடம் என்றால் ஐந்து வருடமா?

அறுபதுகளின் ஷெல்பி கோப்ராவுக்கு நகல் வேண்டுமா? அமெரிக்காவில் ரொம்ப நாள் ஒரே வழிதான். உதிரி பாகங்களை ஒரு இடத்தில், எஞ்சினை இன்னொரு இடத்தில் வாங்கி, வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்ள வேண்டும். பட்டறையே முழுக்காராகச் செய்து விற்றால் இன்றைய கார்களுக்கான மோதல் சோதனை வரும். சின்னப் பட்டறை அந்தச் செலவுக்கு எங்கே போகும்?

2015 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் விலக்கு தந்தது. 25 வருடமாவது பழைய தோற்றம், பட்டறைக்கு வருடம் 325 கார், எஞ்சின் இன்றைய புகை விதிப்படி. ஒரே வருடத்தில் விதி வகுக்கவும் சொன்னது. சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கேட்டதா? 2019-இல் சேமா என்ற உதிரிபாகத் தொழில் சங்கம் வழக்கே போட்டது. விதி வந்ததோ 2021-இல்! 2016-இலேயே புது டிலோரியன் செய்யப்போவதாக அறிவித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை வருடமும் நாலு நண்பர்கள் கொட்டகையில் பூட்டிய கார் ரோட்டில் ஓடலாம். கைதேர்ந்த பட்டறை பூட்டியது ஓடக்கூடாதாம்!