பெயர் எழுதும் கை

பெரட்டில் கிராணியார் பெயர் கூப்பிடும்போது யாராவது பராக்குப் பார்ப்போமா? பார்க்க மாட்டோம். பெயர் விட்டுப் போனால் அன்றைய சம்பளம் போச்சு! அந்த அக்கறையில் பாதியையாவது பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் சரியாகப் பதிந்து வைப்பதில் காட்டுகிறோமா? பினாங்கில் ஒரு கோவில்பிள்ளையின் வேலையைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கோவில்பிள்ளை என்பவர் மாதா கோவில் வேலையாள். விடியுமுன் கதவைத் திறப்பார், மணியடிப்பார், மெழுகுவர்த்தி, பூ, பூசைத் துணி எல்லாவற்றையும் எடுத்து வைப்பார். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை மறு வருடம் எரித்துச் சாம்பலாக்கி, விபூதிப் புதனுக்குத் தயார் செய்பவரும் அவர்தான். சாமியார்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கோவில்பிள்ளை மாறுவதில்லை. எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

நான் சொல்லும் கோவில்பிள்ளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அலமாரியில் இருக்கும் ஞானஸ்நானப் புத்தகங்களைக் கரையானும் ஈரமும் அண்டாமல் காப்பது. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தகப்பன், ஞானப் பெற்றோர் எல்லாம் அதில் இருக்கும். பின்னாளில் அந்தப் பிள்ளைக்குத் திருமணம் நடந்தால் அதையும் அதே பதிவின் ஓரத்தில் குறித்து வைப்பார்கள். அதனால்தான் கத்தோலிக்கர் திருமணத்துக்கு முன் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

என் பழைய மாணவி ஒருத்தியின் திருமணத்துக்காக அந்தச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் நிபோங் திபால் பக்கத்துப் பாட்டி ஒருவர், பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். இந்த மண்ணிலேயே பிறந்து, பால்மரம் வெட்டி, பிள்ளைகளை ஆளாக்கியவர். ஆனால் கையில் இருப்பது இன்னும் சிவப்பு அடையாளக் கார்டுதான். பிறப்புப் பத்திரம் கிடையாது.

"எந்த வருஷம் பொறந்தீங்க, பாட்டி?" என்று கேட்டார் கோவில்பிள்ளை.

"வருஷம் யாரு கண்டா, தம்பி? ஜப்பான்காரன் போன பெறகு வந்த மொத அன்னம்மா திருநாளுக்கு எங்கம்மா நெறமாசமாம். அது மட்டுந்தான் தெரியும்."

கோவில்பிள்ளை சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணினார். ஜப்பான்காரன் பினாங்கை விட்டது 1945 செப்டம்பர். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாள் ஜூலை 26. அப்படியானால் 1946 ஜூலைக்குப் பிறகு! அந்த வருடப் புத்தகத்தை இறக்கி, ஆகஸ்டுப் பக்கங்களிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து வந்தார். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, புத்தகத்தில் இருந்த பெயர் வேறு. ஆனால் தாய் தகப்பன் பெயரும் ஞானத்தாய் பெயரும் ஒத்துப் போயின.

எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டி, வரியின் மேல் விரலை வைத்து, "இதுவா எங்கப்பா பேரு?" என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்தத் தாள் பிறப்புப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனாலும் பதிவு இலாகாவுக்கு வெறுங்கையோடு போவதற்கும் ஓர் ஆதாரத்தோடு போவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

பினாங்கு ஃபார்க்குவார் தெருவில் புனித ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. 1818-இல் கட்டி முடித்தது. வெள்ளைத் தூண்களோடு கம்பீரமாக நிற்கும். அதைக் கட்ட உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். கோவிலுக்கு முன்னால் பிரான்சிஸ் லைட்டுக்கு நினைவு மண்டபம் உண்டு. அவர் பெயரை ஊரே அறியும். கல் சுமந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா? எழுதி வைத்த பெயர் நிற்கிறது. எழுதாத பெயர் மண்ணோடு போகிறது.

நம் கதையும் அதுதானே? தோட்டம் துண்டாடப்பட்டது, லயம் இடிந்தது, டிரங்குப் பெட்டியில் இருந்த தாள்கள் மழையில் நனைந்து போயின. பத்திரம் இல்லாத இந்தியர்களுக்காக 2011-இல் மைடஃப்தார் என்று நாடெங்கும் பதிவு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது நானும் பார்க்கிறேன். அப்பாவின் கார்டில் 'முத்து' என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூட்டு. பிள்ளையின் பத்திரத்தில் வேறொன்று. ஒரு எழுத்துதானே என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளை பிறந்ததும் தாமதிக்காமல் பதியுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும், படித்தவர் ஒருவரைக் கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே திருத்தக் கேளுங்கள். நகல் எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். கோவிலோ பள்ளியோ, உங்கள் குடும்பத்துப் பெயர் எந்தப் பேரேட்டில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பாட்டிக்கு அன்று ஒரு கோவில்பிள்ளை கிடைத்தார். எல்லாருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. நம் வீட்டுப் பேரேட்டுக்கு நாமே கோவில்பிள்ளையாக இருப்போம்.