இளவரசி உடைத்த அணையும் முல்ஷியில் உடையாத அணையும்

டிஸ்னி நிறுவனத்தின் ‘ஃப்ரோசன் 2’ அனிமேஷன் படம் 2019இல் தமிழிலும் வெளிவந்தது. காட்டில் வாழும் மக்களுக்குப் பரிசு என்று கூறி அரண்டேல் மன்னன் ஓர் அணை கட்டுகிறான். அம்மக்களின் நிலத்தை நலிவுறச் செய்வதே அவனது உள்நோக்கம். பல ஆண்டுகளுக்குப் பின் உண்மையை அறியும் அவனது பேத்தியருள் இளையவளான அன்னா, அணை உடைபட வழிசெய்கிறாள். மூத்தவளான எல்சா மாயசக்தியால் வெள்ளத்தைத் தடுத்துத் தலைநகரைக் காக்கிறாள். இறுதியில் எல்சா காட்டின் ஆவியாகிறாள், அன்னா அரசியாகிறாள்.

1937இன் ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் காட்டு விலங்குகள் கதாநாயகியோடு சேர்ந்து வீட்டைக் கூட்டிப் பெருக்கின. அதனோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே. ஆனால் இப்படம் மறைப்பது என்ன?

விடை புனேக்கு மேற்கே, முல்ஷிப் பள்ளத்தாக்கில் உள்ளது. மும்பைக்கு மின்சாரம் வழங்க டாட்டா நிறுவனம் அங்கே அணை கட்ட முற்பட்டது. நிலம் பறிபோகும் நிலையில் மாவள் உழவர்கள் 1921 ஏப்ரலில் சத்தியாக்கிரகம் தொடங்கினர். பெண்களும் களமிறங்கினர். தலைமையேற்ற பாண்டுரங்க மகாதேவ் பாபட், ‘சேனாபதி’ என்று மக்களால் அழைக்கப்பட்டார். காலனி அரசு நிறுவனத்தின் பக்கம் நின்றது. நிலவுரிமை பெற்றிருந்த புனேயின் வட்டிக்கடைக்காரர்கள் இழப்பீட்டோடு சமாதானமாயினர். உழுதவர்கள் தனித்து விடப்பட்டனர். 1924இல் போராட்டம் ஓய்ந்தது. ஊர்கள் நீரில் மூழ்கின. அணை இன்றும் டாட்டாவின் கையில் உள்ளது.

திரையில் அணை எழக் காரணம் ஒரு கிழ மன்னனின் அச்சம். முல்ஷியில் காரணம் இலாபம். திரையில் அரச குடும்பத்தின் மனமாற்றம் அணையைத் தகர்க்கிறது; அரியணையோ அசையவில்லை, தலைநகரில் ஒரு கல்லும் பெயரவில்லை. மக்கள் வெறும் பார்வையாளர்கள். சுரண்டலைத் தனிமனிதப் பாவமாகவும் விடுதலையை இளவரசியின் கருணையாகவும் காட்டுவது மூலதனத்துக்கு மிக வசதியான கதை.

‘சூழலியல் பெண்ணியம்’ என்னும் சொல்லை 1974இல் பிரான்சுவாஸ் தோபோன் வழங்கினார். ஆணாதிக்கத்தையும் இயற்கையின் அழிவையும் இணைத்துக் கண்டது அதன் பலம். பெண் இயல்பாகவே இயற்கையோடு ஒன்றியவள் என்று அதன் ஒரு பிரிவு வாதிடுவது அதன் பலவீனம். எல்சா காட்டின் ஆவியாவது இப்பார்வையின் திரைவடிவமே. பொருளியலாளர் பினா அகர்வால் 1992இலேயே இதனை மறுத்தார்: இயற்கையோடு பெண்ணுக்குள்ள உறவை உழைப்புப் பிரிவினை, சொத்துடைமை, வர்க்கம், சாதி ஆகியவையே வடிவமைக்கின்றன. தண்ணீர் சுமப்பவளுக்கும் அத்தண்ணீரில் உல்லாசப் படகு விடுபவளுக்கும் ஆறு ஒன்றன்று. பெண் என்பதால் மட்டும் இருவரும் ஒரே அணியில் நிற்பதில்லை.

இது பழங்கதையன்று. அதே முல்ஷி வட்டத்தில் லவாசா என்னும் தனியார் மலைநகரம் எழுந்தபோது கட்கரி ஆதிவாசிகள் நிலப்பறிப்பை எதிர்த்துக் குரல் எழுப்பினர். 2010இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அங்குப் பணிகளை நிறுத்த உத்தரவிட்டது. அந்தக் குரலுக்கு எந்த மாயசக்தியும் துணைநிற்கவில்லை.

குழந்தைகள் எல்சாவைக் கண்டு மகிழட்டும். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் படம் முடிந்ததும் முல்ஷியின் கதையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பண்பாட்டுக் களத்தை டிஸ்னியிடம் விட்டுவிட்டு நிலத்துக்கான போராட்டத்தை வெல்ல முடியாது. அணைகளின் மீதும் ஆறுகளின் மீதும் உரிமை யாருக்கு என்பதை இளவரசிகள் தீர்மானிப்பதில்லை. அமைப்பாகத் திரளும் உழைக்கும் பெண்களும் ஆண்களுமே தீர்மானிப்பார்கள்.