எல்லோருக்கும் ஒரே பந்தி!

வாலாஜாபேட்டையில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை இரவு. வீட்டில் விருந்து!

மாமா வந்துவிட்டார். அத்தை வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் மகன், தன்னோடு வேலை செய்யும் நண்பனையும் அழைத்து வந்திருக்கிறான்.

அப்பா மகனை மெல்ல உள்ளே கூப்பிடுகிறார்.

"ஏண்டா, அந்தப் பையனை எங்கே உட்கார வைக்கிறது?"

கேள்வி சின்னதுதான். ஆனால் அந்த வீட்டின் மானமே அதில் அடங்கி இருக்கிறது.

இது நாம் சொல்லும் கதை. ஆனால் இப்படிப்பட்ட கேள்வி எத்தனை வீடுகளில் கேட்கப்படுகிறது என்பதை வாசகர்களே அறிவார்கள். வெளிப்படையாக யாரும் "எழுந்து போ" என்று சொல்வது இல்லை. மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். ஒருவருக்கு மட்டும் காகித டம்ளர். மற்றவர்களுக்குக் கூடத்தில் இலை. ஒருவருக்குத் திண்ணையில் தட்டு. வந்தவருக்குப் புரியாமலா போகும்?

ரெயிலில் இல்லாத தீட்டு

வாலாஜாபேட்டை சாமானிய ஊர் அல்ல. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். 1866-ம் ஆண்டிலேயே நகராட்சி ஆன ஊர். தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சென்னை ராயபுரத்தில் இருந்து புறப்பட்டு, இந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது.

ரெயிலில் பக்கத்தில் உட்காருகிறவர் என்ன சாதி, என்ன மதம் என்று நாம் கேட்கிறோமா? தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறோம். வீட்டுப் பந்தியில் மட்டும் என்ன தயக்கம்?

நாட்டையே உலுக்கிய பந்தி

"சாப்பாட்டு வரிசை ஒரு பெரிய விஷயமா?" என்று சிலர் கேட்கலாம். பெரிய விஷயம்தான்!

சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். அவர் சிறந்த தேசபக்தர். நாட்டுக்காகப் பல துன்பங்களை ஏற்றவர். ஆனாலும் அந்தக் குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தார்கள். 1924, 1925-ம் ஆண்டுகளில் தமிழ்நாடே அதைப் பற்றிப் பேசியது. காங்கிரஸ் கட்சிக்குள்ளும் பெரும் புயல் வீசியது. எல்லாம் பிள்ளைகள் சாப்பிடும் வரிசைக்காகத்தான்!

அண்மையில் நடந்ததையும் பார்ப்போம். 2022-ம் ஆண்டு மே மாதம் ஆம்பூரில் 3 நாள் பிரியாணித் திருவிழாவுக்கு திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் இல்லை என்ற செய்தி பரவியது. எதிர்ப்புக் கிளம்பியது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மாநில ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில், மழையைக் காரணம் காட்டி விழா தள்ளி வைக்கப்பட்டது.

சிலருடைய சாப்பாட்டை ஒதுக்கினால், அவர்களையே ஒதுக்கியதாக ஆகிவிடுகிறது. ஊருக்கு விருந்து வைப்பவருக்கும் இது பாடம். வீட்டில் விருந்து வைப்பவருக்கும் இது பாடம்.

கேட்டுச் சமையுங்கள்

அப்படியானால் எல்லோரும் எல்லாவற்றையும் சாப்பிட வேண்டுமா? தேவையில்லை. உணவு வேறாக இருக்கலாம். வரிசை வேறாக இருக்கக் கூடாது.

அழைக்கும்போதே, "உங்களுக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளும்?" என்று கேட்டுவிடுங்கள். சைவ நண்பருக்கு சாம்பாரும் கூட்டும் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு இருக்கட்டும். முஸ்லிம் நண்பர், "ஹலால் கறிதானே?" என்று கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். நம் வீட்டில் சமைக்காத ஒன்றை நண்பர் தன் வீட்டில் சாப்பிடுகிறாரா? அதைக் கேலி செய்யவும் வேண்டாம்.

கடன் வாங்கி 20 வகை வைக்கவும் தேவையில்லை. நம் பக்கத்து விருந்துக்கு ஆம்பூர் பிரியாணி ஒன்றே போதுமே! ஒரு கிலோ சீரகச் சம்பா அரிசிக்கு ஒரு கிலோ கறி. மூடியின் மேல் தணல் போட்டுத் தம்மில் வைத்து இறக்கினால், எட்டுப் பத்துப் பேர் வயிறாரச் சாப்பிடலாம். தொட்டுக்கொள்ள கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும். இனிப்புக்கு ஆளுக்கு ஒரு ஆற்காடு மக்கன் பேடா. வேறு என்ன வேண்டும்?

அம்மா எப்போது சாப்பிடுவாள்?

இன்னொரு பந்தி வேற்றுமையும் உண்டு. அதை நாம் கவனிப்பதே இல்லை.

காலை முதல் அடுப்படியில் வெந்தவள் அம்மா. கடைசியில் சாப்பிடுகிறவளும் அம்மாதான். அதற்குள் பிரியாணியில் கறி தீர்ந்திருக்கும். அடிப்பிடித்த சோறுதான் மிச்சம். இது நியாயமா?

எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து வையுங்கள். ஆண்களும் பரிமாறட்டும். சமைத்தவளுக்கும் முதல் பந்தியில் ஒரு இலை போடுங்கள். விருந்து அவளுக்கும் சேர்த்துத்தான்!

சுதந்திர தினத்தன்று தமிழ்நாட்டுக் கோவில்களில் பொது விருந்து நடக்கிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் மக்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் கோவிலில் நடந்தால் போதாது. நம் வீட்டுக் கூடத்திலும் நடக்க வேண்டும்.

இப்போது அந்த அப்பாவின் கேள்விக்கு வருவோம். "அந்தப் பையனை எங்கே உட்கார வைக்கிறது?"

பதில் சுலபம்.

"உங்கள் பக்கத்தில்தான், அப்பா!"