பேர் போகாமல் மாட்டைக் காட்ட வழி வேண்டும்

லயத்துக்குப் பின்னால் ஒரு பசு, மிஞ்சினால் இரண்டு. விடியக் கறந்து பாலை ஊற்றிவிட்டு மலைக்குப் போகும் தோழர்களுக்கு, சம்பளம் பத்தாத மாதத்தில் கடைக் கணக்கைத் தீர்ப்பது அந்தப் பால் காசுதான். அந்த மாட்டுக்குக் கால்வாய் நோய் வந்தால் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் மறைக்கிறோம். புண்ணில் உப்பும் மஞ்சளும் தடவிவிட்டு, பக்கத்து லயத்துக்கும் சொல்லாமல் இருக்கிறோம். சொன்னால் பாலை எடுக்கமாட்டார்கள் என்ற பயம். அதைக் குற்றம் சொல்ல எமக்கு மனமில்லை. ஆனால் மறைப்பதால் வரும் நட்டத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

இது வைரஸ் நோய். தொற்றி 2 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் வரும், பால் சட்டென்று குறையும், எச்சில் நூலாக வடியும். நாக்கிலும் ஈறிலும் குளம்புப் பிளவிலும் காம்பிலும் கொப்புளம் எழும். கன்றுகள் திடீரென்று விழுந்து சாவதும் உண்டு. எருமையில் அறிகுறி மங்கலாகவே தெரியலாம். கொப்புளம் கண்ணுக்குத் தெரியுமுன்பே பாலில் வைரஸ் வந்துவிடும். ஆகவே நாம் மறைக்கத் தொடங்கும்போதே அது தொழுவத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

பார்வையால் மட்டும் நோயை உறுதிப்படுத்த முடியாது. புதிய கொப்புளத்தின் தோலை எடுத்து, குளிரில் வைத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த வைரசில் 7 வகை இருக்கின்றன. ஒரு வகைக்குப் போட்ட தடுப்பூசி இன்னொரு வகையைத் தடுக்காது. எந்த வகை என்று தெரியாமல் ஊசி போட்டுப் பயனில்லை. புண் ஆறிய பிறகு வைத்தியரைக் கூப்பிட்டால் அந்தத் தோல் கிடைக்காது. இரத்தத்தைச் சோதித்து, நோய் வந்து போனதைத்தான் சொல்லமுடியும்.

நோயை அறிவிப்பது உரிமையாளரின் கடமை என்கிறது 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம். சரி. ஆனால் கால்நடை வைத்திய அலுவலகம் டவுனில் இருக்கிறது. அது திறந்திருக்கும் நேரத்தில் நாம் கொழுந்து மலையில். போனால் அன்றைய பேர் போச்சு. யார் வீட்டுப் பசு நொண்டுகிறது என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது, தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியவில்லை.

நம் பங்குக்கு, வெளியிலிருந்து வாங்கிய மாட்டை இரண்டு வாரம் தனியே கட்டுவோம். நோய்ப்பட்ட தொழுவத்து வாளியை வேறு தொழுவத்துக்குக் கொண்டுபோகவேண்டாம். நிர்வாகத்திடம் நாம் கேட்பது இரண்டு. மாட்டு நோயை அறிவிக்கப் போகும் தொழிலாளிக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் வைத்திய அலுவலகத்துக்கு உடனே போன் பண்ண ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும். பால் ஊற்றமுடியாத நாட்களுக்கு நிவாரணம் தரும்படி அரசிடமும் கேட்போம். அடுத்த தலைவர்மார் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக்க, உங்கள் டிவிசனில் எத்தனை மாடு இருக்கிறது என்று எண்ணி வாருங்கள்.