‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லாதீர்கள்

“அடம் பிடித்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்!” இந்த மிரட்டலைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? அதே பிள்ளைக்குச் சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தால், “வலிக்கவே வலிக்காது” என்கிறோம். இரண்டும் தவறு என்பேன். தம்பி, தங்கையுடன் பல் கிளினிக்கிற்குத் துணைக்குப் போகும் மாணவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஊசிமுனை குத்துவது மட்டும் வலியன்று. மருந்து வேகமாக உள்ளே போனால் திசு விரிந்து அழுத்தம் கூடுகிறது. மேலண்ணத்தில் தோல் எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் அங்கு வலி இன்னும் அதிகம். அட்ரினலின் கலந்த லிடோகெயின் மருந்து கெட்டுப்போகாமலிருக்க அமிலத்தன்மையோடு தயாரிக்கப்படுகிறது. எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். அதனால்தான் நிதானமாக, 1 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1 நிமிடம் எடுத்து ஊசி போட வேண்டும்.

அதற்கு முன் ஈறைத் துடைத்து உலர்த்தி, மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவுவார்கள். அது வேலை செய்ய 1 அல்லது 2 நிமிடம் ஆகும். தடவிய கையோடு குத்தினால் தடவியதில் பயனில்லை. “கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள், டாக்டர்” என்று நீங்களே பணிவாகக் கேட்கலாம்; அதில் வெட்கம் என்ன?

சில மருத்துவர்கள் ஊசி போடும்போது கன்னத்தைப் பிடித்து ஆட்டுவார்கள். அது விளையாட்டன்று. முழங்காலில் இடித்துக்கொண்டால் கை தானாகவே தேய்க்கப் போகிறதல்லவா? தொடுதலும் அதிர்வும் அனுப்பும் செய்திகள், வலிச் செய்திக்கான ‘கதவை’ ஓரளவு சாத்திவிடுகின்றன என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் விளக்கினார்கள். அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது.

பயம் அந்தக் கதவைத் திறந்துவிடும். ‘வலிக்காது’ என்று நம்பி வாயைத் திறந்த பிள்ளைக்குச் சுருக்கென்றால், அடுத்து நாம் சொல்லும் எதையும் அது நம்பாது. பள்ளியில் பல் சோதனைக்குப் பெயர் கூப்பிட்டதும் கழிவறைக்கு ஓடிய நண்பர் உங்களுக்கும் இருந்திருப்பார். அப்படி ஓடுபவரின் சின்னச் சொத்தைதான் நாளடைவில் நரம்பைத் தொடுகிறது. அடைத்தால் தீர்ந்திருக்க வேண்டியது, பிடுங்குவதில் போய் முடிகிறது.

ஆகவே உண்மையைச் சொல்லுங்கள்: “எறும்பு கடித்தாற்போல் இருக்கும். பிறகு உதடு தடித்ததுபோல் தோன்றும். தாங்க முடியாவிட்டால் இடது கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்துவார்.” இந்தக் கைச்சைகையை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். சொன்னபடி அவர் நிறுத்தினால், அந்தக் கை பெரும்பாலும் மறுபடி எழாது.

வீடு திரும்பும் வழியில் கெரோப்போக் கேட்பார்கள். இரண்டு மூன்று மணி நேரத்திற்கு வேண்டாம். மரத்த உதட்டைத் தெரியாமல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.