பாட ஏலமும் மாணாக்கர் தீர்ப்பும்

வர்த்தக நிருவாகத்தில் எம்.பி.ஏ. பட்டத்துக்குப் பயிலும் மாணாக்கரிடம் கலாசாலைகள் இரண்டு சந்தர்ப்பங்களில் அபிப்பிராயம் கேட்கின்றன. பருவம் தொடங்குமுன், எந்தப் பாடங்கள் வேண்டுமென்று கேட்கின்றன. பருவம் முடியுந் தறுவாயில், கற்பித்த ஆசிரியர் எத்தகையவர் என்று கேட்கின்றன. முதற் கேள்விக்கு விடை சொல்லத்தக்கவர் மாணாக்கரைத் தவிர வேறெவருமிலர். இரண்டாவதற்கு அவர் சொல்வது பாதி விடையே. நடைமுறையிலோ விஷயம் தலைகீழாயிருந்து வந்திருக்கிறது. முதற் கேள்விக்கு அவர் உண்மை சொல்லும் வழியை அடைத்துவிட்டு, இரண்டாவதற்கு அவர் சொன்னதை வேதவாக்காகக் கொள்ளுகிறார்கள்.

அமெரிக்காவில் 1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வர்த்தகப் பள்ளியில் கையாளப்பெற்ற முறையைப் பார்ப்போம். இரண்டாம் ஆண்டு மாணாக்கர் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் பாடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க, கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல் மாணாக்கர் வரிசையொன்றை அமைக்கும். முதற் சுற்றில் அவ்வரிசைப்படி ஆளுக்கொரு பாடம். அடுத்த சுற்றில் கடைசியில் நின்றவர் முதல்வராவார். பார்வைக்கு நியாயமே. ஆனால் எரிக் புடிஷ், எஸ்டெல் கான்டியோன் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணாக்கரின் மனத்திலுள்ள வரிசை ஒன்றும் தாளில் எழுதிய வரிசை வேறொன்றுமாக இருந்தது புலப்பட்டது. கூட்டம் மோதும் பாடத்தை, அவ்வளவு பிரியமில்லாவிடினும், முதலில் எழுதினர். மெய்யாகவே விரும்பிய, ஆனால் எளிதிற் கிடைக்கும் பாடத்தைக் கீழே தள்ளினர். இதற்காக அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. உள்ளதை உள்ளபடி எழுதியவரே நஷ்டப்பட்டார்.

அப்படியானால் சீட்டில் முதலில் வந்தவர் தமக்கு வேண்டிய எல்லாப் பாடங்களையும் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளட்டும், பொய்க்கு அவசியமிராது என்று சிலர் சொல்லக்கூடும். பொய் ஒழியும், அநீதி பெருகும். முதலாமவர் தமது பத்தாவது விருப்பத்தை அலட்சியமாக எடுத்துச் செல்வார். கடைசியில் நிற்பவருக்கோ அதுவே முதல் விருப்பமாயிருக்கும். இதைவிடப் பழைய முறையே மேல் என்பது அவ்வறிஞர்களின் முடிவு.

பிலடெல்பியாவில் 1881-இல் ஸ்தாபிதமான வார்ட்டன் பள்ளியில் நெடுங்காலம் ஏலம் நடந்தது. மாணாக்கருக்குப் புள்ளிகளை அளித்து, பாடங்களை அவற்றால் ஏலம் எடுக்கச் சொன்னார்கள். பிறர் என்ன கேட்பார் என்று ஊகிப்பதே அங்கு பெரிய வித்தையாயிற்று. (வர்த்தகம் பயில வந்தவர்களுக்கு அதுவும் ஒரு பாடமே என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.) 2013-இல் ஏலம் போயிற்று. இப்போது மாணாக்கர் தம் விருப்பத்தின் அளவை ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண்ணாகக் குறிக்கிறார். கம்ப்யூட்டர் ஏறக்குறைய சமமான கற்பனைப் பணத்தை ஒவ்வொருவர் பெயரிலும் வைத்து, பாடங்களுக்கு விலை கண்டு, அப்பணத்துக்குள் அவருக்கு உகந்த தொகுதியை வாங்கிக் கொடுக்கிறது. பக்கத்திலுள்ளவரின் மனத்தை ஊகிக்க வேண்டியதில்லை. தம் மனத்தை அறிந்தாற் போதும். புடிஷ் அவர்கள் 2011-இல் எழுதிய சித்தாந்தமே இதற்கு அடிப்படை. முதற் கேள்வியைச் செவ்வையாகக் கேட்க வழியுண்டு என்பதற்கு இதைவிட வேறு சாக்ஷியம் வேண்டா.

இனி இரண்டாவது கேள்வி. ஆசிரியரைத் தாமே தேர்ந்தெடுக்கும் மாணாக்கரைக்கொண்டு அவரது திறமையை அளவிடுவது அரிது. கொலராடோவிலுள்ள அமெரிக்க விமானப்படைக் கலாசாலையில், இந்த ஆசிரியருக்கு இந்த மாணாக்கர் என்று நிருவாகமே குறிப்பின்றிப் பிரித்துவிடுகிறது. பாடத்திட்டமும் பரீட்சையும் எல்லாருக்கும் ஒன்றே. அங்குள்ள விவரங்களை ஆராய்ந்து ஸ்காட் காரெல், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் 2010-இல் கண்டது சிந்திக்கத்தக்கது. ஆரம்ப வகுப்பில் தம் மாணாக்கருக்கு அதிக மார்க்கு வரச் செய்த ஆசிரியர் நல்ல மதிப்பீடு பெற்றார். ஆனால் அதே மாணாக்கர் அடுத்த மேல் வகுப்புகளில் பின்தங்கினர். பாடத்தை ஆழமாகப் புகட்டியவருக்கு அப்பொழுது கிடைத்தது குறைந்த மதிப்பீடு.

பருவ முடிவில் நிரப்பும் தாள் அந்தப் பருவத்தின் சௌகரியத்தை அளக்கிறது. கல்வியின் பயன் அதற்குப் பின்னரே தெரியவரும். மேலும், குறை சொன்ன மாணாக்கருக்கு அதனால் யாதொரு பிரயோஜனமுமில்லை. அவர் வகுப்பு முடிந்துவிட்டது. ஆதலால் அத்தாளைப் பருவத்தின் நடுவிலேயே கொடுக்க வேண்டும் என்பது நமது கருத்து. ஆசிரியர் குறித்த நேரத்தில் வந்தாரா, விடைத்தாள்களைத் தாமதமின்றித் திருப்பினாரா, இரண்டு பாடங்களின் பரீட்சைகள் ஒரே நாளில் மோதினவா என்பவற்றுக்கு மாணாக்கரைப்போல் நம்பத்தக்க சாட்சி கிடையாது. அவற்றைக் கேட்டு, எஞ்சிய வாரங்களிலேயே திருத்த வேண்டும். போதனையின் தரத்தைப் பட்டம் பெற்று இரண்டாண்டு வேலை பார்த்தவரிடம் கேட்கட்டும். அதுவரை, நிரந்தரப் பதவியில்லாத ஆசிரியரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்ற கேள்வியை, ஐந்துக்கு மூன்றரை, நாலேகால் என்னும் சராசரியொன்றைக் கொண்டு நிருவாகிகள் தீர்மானிப்பதை நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று சகாக்களை அவர் வகுப்பில் உட்கார்ந்து கேட்கச் செய்து, அவர்களுடைய எழுத்து மூலமான அபிப்பிராயத்தையும் பெற்ற பின்னரே முடிவு செய்ய வேண்டும்.