வினைச்சொல்லை முழுங்கிய பட்டன்

ரெண்டு வாரமா ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் இந்தப் பக்கம் தலை காட்டல. அதுல ஒரு ஆணி நானே என் கால்ல அடிச்சுக்கிட்டது. அதைப் பத்திதான் இந்தப் பதிவு. பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம், கோடு எதுவும் போடப் போறதில்லை :-)

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கிறதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதனால ஒரு கன்டெய்னர் யார்டுக்கு டிரைவருங்க போன்லயே நுழைவு அனுமதி வாங்குற மாதிரி ஆப் செய்யணும்னு ஆபீஸ்ல வேலை வந்தப்ப, 'நம்ம ஏரியா'ன்னு நானே கையைத் தூக்கிட்டேன். ஆங்கிலத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணுன்னு ரெண்டு மொழி. ஆப் வெளிய போய் நாலாவது நாள் யார்டுல இருந்து போன். போய் நின்னேன். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், ஒரு டிரைவர் அண்ணன் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார்.

"இன்னா தம்பி, ரெண்டு பட்டனும் ஒரே மாதிரி கீது? எத்தைத் தொடுறது?"

பார்த்தேன். இடது பக்கம் 'நுழைவு அனும…'. வலது பக்கமும் 'நுழைவு அனும…'.

ஒண்ணு 'நுழைவு அனுமதி கோருக'. இன்னொண்ணு 'நுழைவு அனுமதியை ரத்து செய்க'. அண்ணன் முந்தின நாள் ஏற்கெனவே அனுமதி வாங்கிட்டு, அது இருக்கான்னு பார்க்க வலது பக்கத்தைத் தொட்டிருக்கார். 'உறுதியா?'ன்னு கேட்டிருக்கு. அனுமதியைத்தான் உறுதி பண்ணச் சொல்லுதுன்னு 'ஆம்' போட்டுட்டார். அவ்வளவுதான், நேரம் போச்சு. அடுத்த நேரம் மறுநாள் காலையிலதான் கிடைச்சது. ராத்திரி முழுக்க லாரி கேபின்ல, கொசுக்கடியில. என்னைத் திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா பரவாயில்ல.

தப்பு எங்கன்னு சொல்லணும்னா, திரையில பெட்டிங்க எப்படி இடம் பிடிக்குதுன்னு கொஞ்சம் சொல்லணும். ஆண்ட்ராய்டுல இது ரெண்டு சுத்து. முதல் சுத்து அளக்குறது, ரெண்டாவது சுத்து வைக்கிறது. அளக்கும்போது அப்பா பெட்டி பிள்ளைப் பெட்டிகிட்ட மூணுல ஒண்ணு சொல்லும். 'இவ்வளவுதான், மறுபேச்சு கிடையாது' அப்படிங்கறது எக்ஸாக்ட்லி. 'இவ்வளவுக்குள்ள உனக்கு வேண்டியதை எடுத்துக்க' அப்படிங்கறது அட்மோஸ்ட். 'உனக்கு எவ்வளவு வேணும், நீயே சொல்லு' அப்படிங்கறது அன்ஸ்பெசிஃபைடு. பிள்ளை தன் அளவைச் சொன்னப்புறம்தான் அப்பா அதை எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணும். நல்ல குடும்பம்தான். நான் என்ன பண்ணேன்? ரெண்டு பட்டனுக்கும் அகலம் 140-ன்னு எழுதி, ஒரே வரி, பத்தலைன்னா கடைசியை வெட்டி மூணு புள்ளி வைன்னு சொல்லிட்டேன். 140 எங்கிருந்து வந்தது? டிசைனர் கொடுத்த படத்துல 'கேன்சல் பாஸ்' அதுல அழகா உக்காந்திருந்தது. பிள்ளையை வாயே திறக்க விடாம அளவு சொன்னது நான்தான்.

இதுவரைக்கும் எல்லா ஊர்லயும் நடக்குற கதை. ஜெர்மன்காரங்களும் வார்த்தை நீளம்னு இதே ஒப்பாரி வைப்பாங்க. ஆனா தமிழுக்கு அடி விழுறது நீளத்துல மட்டும் இல்லைங்க, இடத்துலயும்தான். ஆங்கிலத்துல கட்டளை வினைச்சொல்லுல தொடங்கும். வாலை வெட்டினாலும் 'கேன்சல்' மிஞ்சும், பாஸ்தான் போகும். தமிழ்ல வினை கடைசியில வரும். கோருவதா, ரத்து செய்வதா, அழிப்பதா, அனுப்புவதா, எல்லாம் வாக்கியத்தோட வால்ல உக்காந்திருக்கு. அந்த மூணு புள்ளி சரியா அதைத்தான் முழுங்குது. ஆங்கிலத்துல வெட்டுப்பட்ட பட்டன் அசிங்கம், அவ்வளவுதான். தமிழ்ல அது ஆபத்து.

டெஸ்டிங்ல மாட்டலையான்னு கேப்பீங்க. ஆங்கிலத்தையே நீட்டி, எழுத்து மேல கொம்பு வெச்சுக் காட்டுற ஒரு போலி மொழி ஆண்ட்ராய்டுல இருக்கு. நீளமான மொழி வந்தா திரை தாங்குமான்னு பார்க்கத்தான். அதுலயும் ஓட்டினோம். வெட்டுப்பட்டது, ஆனா முன்னாடி 'கேன்சல்' தெரிஞ்சதால 'சின்ன விஷயம்'னு குறிச்சு மூடியாச்சு. நீளத்தைப் போலி பண்ணலாம், சொல் வரிசையைப் பண்ண முடியல. தமிழ் திரையை மேலோட்டமா ஒரு தடவை தள்ளிப் பார்த்ததோட சரி. என் போன் ஆங்கிலத்துலதான் இருக்கு. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

அகலத்தை எழுத்தை எண்ணி அளக்கலாம்னு சிலர் நினைக்கிறாங்க. 'கொ' யூனிகோடுல ரெண்டு குறி, திரையில மூணு துண்டு: முன்னால ஒரு கொம்பு, நடுவுல க, பின்னால ஒரு கால். 'ஸ்ரீ' நாலு குறி, பார்க்க ஒரே உருவம். ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு நிரல் எழுத்துங்களைச் சேர்த்து உருவம் கொடுத்த பிறகுதான் உண்மையான அகலம் தெரியும். குறியை எண்ணி வெட்டினா புள்ளி போய் 'ரத்து' 'ரத'ன்னு நிக்கும்.

உயரக் கதை இன்னும் மோசம். ஆங்கில வரிக்குன்னு முடிவு பண்ண உயரத்துல தமிழும் அடங்கணும்னு, ஆண்ட்ராய்டு ரொம்ப வருஷம் மேலயும் கீழயும் அமுக்கின ஒரு தனி தமிழ் எழுத்துருவை வெச்சிருந்தது. 'மூ'வோட வாலும் 'கீ'யோட சுழியும் குனிஞ்சுதான் நிக்கணும். 2014-ல வந்த ஆண்ட்ராய்டு 5-ல, அமுக்காத எழுத்துரு வேணும்னா கேட்டு வாங்கிக்கன்னு ஒரு பண்பு வந்தது. பேரு எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட். எத்தனை பேர் கேட்டிருப்போம்? 2024-ல வந்த ஆண்ட்ராய்டு 15-க்குன்னு செய்யுற ஆப்கள்லதான் அது கேக்காமலே கிடைக்க ஆரம்பிச்சது. தமிழோட அரபு, தாய், மலையாளம், தெலுங்கு எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு. 10 வருஷம் நாம குனிஞ்சு நின்னது பெட்டி உயரத்துக்காக.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தினது ஒண்ணு. அந்த அண்ணன் தொழில்ல அளக்காம எதையும் வைக்க மாட்டாங்க. எடை மேடையில ஏறி, எடைச்சீட்டு கணக்குக்கு வந்தப்புறம்தான் ஏற்றுமதி கன்டெய்னர் கப்பல் ஏறும். கனமானது அடியில, லேசானது மேலன்னு முன்கூட்டியே வரைபடம் போட அந்த எடை வேணும். 2007 ஜனவரியில இங்கிலீஷ் கால்வாய்ல எம்எஸ்சி நப்போலி கப்பல் உடம்பு பிளந்தது. அப்புறம் மேல்தட்டுல நனையாம இருந்த கன்டெய்னர்களை எடை போட்டா, ஐந்துல ஒரு பங்கு சொன்ன கணக்குல இருந்து 3 டன்னுக்கு மேல விலகியிருந்தது. பிளந்ததுக்கு அது மட்டும் காரணம் இல்ல, ஆனாலும் பாடம் பாடம்தான். 2016 ஜூலை 1-ல இருந்து, சரிபார்த்த எடை இல்லாம கன்டெய்னர் ஏத்தக் கூடாதுன்னு உலகம் முழுக்க விதி. கப்பல்காரங்க சரக்கை அளந்துட்டு இடம் கொடுக்குறாங்க. நான் இடத்தைக் கொடுத்துட்டு வார்த்தையை வெட்டுனேன்.

ஆபீஸ்ல சொன்னப்ப டிசைனர் பதில்: "தமிழைக் கொஞ்சம் சுருக்கமா எழுதச் சொல்லேன்." பாதி நியாயம். 'கோருக', 'செய்க'ன்னு யாருமே பேசாத தமிழ் அங்க எதுக்கு? வெறும் 'ரத்து' போதும், ஒத்துக்கறேன். ஆனா நுழையுற அனுமதி, வெளியேறுற அனுமதி ரெண்டையும் ஒரே திரையில காட்டணும்னா எதைச் சுருக்குவீங்க? மொழிபெயர்க்குறவங்ககிட்ட 'பதினஞ்சு எழுத்துக்குள்ள அடக்கு'ன்னு பட்டியல் அனுப்புறதை என்னால ஒத்துக்க முடியல. அந்தப் பதினஞ்சு ஆங்கிலம் உடுத்திக் கழிச்ச சட்டை.

இப்ப ரெண்டு பட்டனும் மேல கீழ, முழு அகலத்துக்கு. உயரம் எழுத்து கேக்குற அளவு, ரெண்டு வரி போனாலும் போகட்டும். மூணு புள்ளி மொத்தமா ஒழிஞ்சது. ரத்து பட்டன் தள்ளி, கீழ.

போன வாரம் அந்த அண்ணனைத் தேடிப் போய்க் காட்டினேன். அவர் போன்ல எழுத்து அளவைக் கடைசி எல்லை வரைக்கும் இழுத்து வெச்சிருந்தார், கண்ணாடி வீட்டுலயாம். பட்டன் ரெண்டும் கம்பீரமா நின்னுச்சு. எனக்கு மூச்சு வந்தது. அவர் விரல் மெதுவா மேல போச்சு. அங்க தலைப்பு வரி, நான் என்னைக்கோ உயரம் 24-ன்னு எழுதி மறந்தது, தலையும் இல்லாம காலும் இல்லாம நடு உடம்பு மட்டும் தெரிஞ்சது.

"இது இன்னா தம்பி பாவம் பண்ணுச்சு?"